வலது சக்கரத்துக்குக் கட்டை

கொன்றையூர் மடத்து அடிகளுக்கு வயது முப்பத்தைந்துதான். அவருடைய சீடர் வெள்ளியங்கிரிக்கோ பேத்தியே பிறந்துவிட்டாள். ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும். அந்த வருஷத் தேரன்று மட்டும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

முந்தின வாரம்தான் ஏணிக் கட்சியின் கொடிக்கம்பத்தை யாரோ சாய்த்தார்கள். மறுநாள் விசிறிக் கட்சிக்காரர் மளிகைக்கடை எரிந்தது. போலீஸ் வந்து உட்கார்ந்த பிறகு, பேசித் தேர்வடத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வலது வடம் ஏணிக்கு, இடது வடம் விசிறிக்கு. அதுவரைக்கும் அந்த வடத்துக்குக் கட்சி இருந்ததில்லை.

சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் தேரைத் திருப்புவது மட்டும் எப்போதும்போல மடத்து வேலை. அடிகள் குனிந்தபடியே சக்கரத்தோடு நடந்தார். பக்கத்தில் வெள்ளியங்கிரி, தோளில் இன்னொரு கட்டையோடு.

முதல் முக்கில் அடிகள் வலது சக்கரத்தடியில் கட்டையைத் தள்ளினார். தேர் முனகிக்கொண்டே வலப்பக்கம் திரும்பியது. இரண்டாவது முக்கிலும் வலது சக்கரம்தான்.

"பாத்தீங்களாடா? நம்ம சக்கரத்துக்கே போடறாரு!" வலது வடத்தில் ஒருவன் கத்தினான். "விசிறிக்காரன் சக்கரம் சாமி கண்ணுக்குத் தெரியாதாமா?"

ஏணிக் கட்சி இளைஞரணித் தலைவன் குமரவடிவு, வெள்ளியங்கிரியின் காதருகே வந்தான்.

"பெரியப்பா, நீங்க நம்ம ஆளு. அடுத்த முக்குல கட்டை விழக்கூடாது. நாங்க இழுக்கற இழுப்புல அவனுக வடத்தை விட்டுட்டு ஓடோணும்."

வெள்ளியங்கிரி கட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார். ஓட்டுப் போடத் தொடங்கிய நாளிலிருந்து அவரும் ஏணிதான். ஆனால் மூன்றாவது முக்கில் தேர் திரும்பாவிட்டால் நேரே மகள் மரகதத்தின் வீடு. பிள்ளை பெற்றவள், பச்சைக் குழந்தையோடு உள்ளே இருக்கிறாள்.

"சாமி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கய்யா." அடிகள் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க எந்தக் கட்சிங்க?"

அடிகள் அவர் தோளிலிருந்த கட்டையைக் காட்டினார். "அடுத்த முக்குல நீங்க போடுங்க."

"நானுங்களா? ஒருவாட்டி இடது சக்கரத்துக்குப் போட்டா இவங்க சமாதானம் ஆயிருவாங்களே சாமி?"

"ஆயிருவாங்க. தேர் இடப்பக்கம் இருக்கற குளத்துல இறங்கியிரும்."

மேளம் வேகம் பிடித்தது. "ஏணி! ஏணி!" என்றார்கள் வலப்பக்கம். "விசிறி! விசிறி!" என்றார்கள் இடப்பக்கம். தேரில் இருந்த சாமி பேரை ஒருவரும் சொல்லவில்லை. போலீஸ்காரர் ஊதிய விசில் அவருக்கே கேட்டிருக்காது. சக்கரம் இதுவரை இல்லாத வேகத்தில் உருண்டது.

எதிரே ஜன்னலில் மரகதம். குழந்தைக்குத் தேர் காட்டிக்கொண்டு நின்றாள்.

வெள்ளியங்கிரி மண்ணில் முட்டி போட்டார். வலது சக்கரத்தடியில் கட்டையைக் கொடுத்தார்.

கட்டை கிறீச்சிட்டது. தேர் ஒரு ஆட்டம் ஆடி, தயங்கி, திரும்பியது. மரகதத்தின் வீட்டு ஓடு ஒன்று உரசி விழுந்தது. அவ்வளவுதான்.

"துரோகி!" ஒரு செருப்பு பறந்து வந்து அவர் முதுகில் விழுந்தது. "விசிறிக்கு எப்ப தாவுனீங்க பெரியப்பா?" என்றான் குமரவடிவு.

இடது வடத்திலிருந்து ஒருவன் தன் கட்சித் துண்டை அவர் மேல் வீசினான். "வாங்க மாமா! இப்பத்தான் புத்தி வந்துச்சா!"

வெள்ளியங்கிரி துண்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சாமி, நான் புள்ளயத்தான் பாத்தேனுங்க. இவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே. நான் என்னன்னு பதில் சொல்லட்டும்?"

அடிகள் சக்கரத்தடியிலிருந்து கட்டையை உருவி, மண்ணைத் தட்டி, அவர் கையில் கொடுத்தார்.

"இன்னும் ஒரு முக்கு இருக்குதுங்கய்யா. அதுவும் வலதுதான்."