எடையே இல்லாத இரண்டு பைகள்

ஏமாங்குளத்தில் மூளையில்லாதவர் என்று ஒருவரும் கிடையாது. செலவழித்தால் தீர்ந்துவிடுமே என்ற சிக்கனம்தான். அந்தச் சிக்கனத்தில் ஊருக்கே முன்னோடி, புளி மண்டி வைத்திருந்த இருளப்பன்.

அவர் தங்கை வள்ளிமயில் கோலாலம்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுடைய பெண்ணுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். காதுக்குரியவளை ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் இல்லை. மடிக்குரியவர் வராமல் ஊசியை எடுக்கும் வழக்கமும் இல்லை. மருமகளைப் போனில் மட்டுமே பார்த்திருந்த இருளப்பனுக்கு, அவளை மடியில் வைத்துக்கொள்ளாவிட்டால் மாமனாகப் பிறந்ததே வீண் என்று பட்டது. துணைக்குத் தம்பி மாயழகுவும் கிளம்பினான்.

வள்ளிமயில் தெளிவாகத்தான் சொன்னாள். கையில் கொண்டுவரும் பைக்கு ஏழு கிலோ, அதற்கு மேல் ஒரு குண்டுமணி கூடாது. காலிப் பையே கனத்தால் சாமானை எங்கே வைப்பது? ஆகவே லேசான பையாகப் பார்த்து வாங்குங்கள்.

இருளப்பன் மண்டித் தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு, தம்பியோடும் மனைவி குருவம்மாளோடும் டவுனுக்குப் போனார். பைக்கடைப் பெண் ஒரு பையைக் காட்டி, இதை நிரப்பிய பிறகும் தூக்கியிருப்பதே தெரியாது என்றாள். மாயழகு பின்வாங்கினான். தூக்கியிருப்பதே தெரியாவிட்டால், வழியில் விழுந்தாலும் தெரியாதே என்பது அவன் கவலை. அவள் சக்கரம் வைத்த பெட்டியை உருட்டிக் காட்டி, இதைத் தூக்கவே வேண்டாம் என்றாள். தூக்காத பெட்டி வீட்டில் பரண் நிறையக் கிடக்கிறது, அதற்கு எதற்குக் காசு என்று கேட்டாள் குருவம்மாள்.

கடைசியில் இருளப்பன் ஒரு நைலான் பையை ஒரு தட்டில் வைத்தார். அதே மாதிரி இன்னொன்றை மறு தட்டில் வைத்தார்.

“முள்ளு எங்க நிக்குது?”

“நட்டநடுவுல, அண்ணே.”

“வலப்பக்கம் சாயுதா?”

“இல்லை.”

“இடப்பக்கம்?”

“அதுவும் இல்லை.”

“அப்ப எடை எங்க?”

மூவரும் தட்டுக்கு அடியில் குனிந்து தேடினார்கள். எடை எங்கேயும் அகப்படவில்லை. கடைப்பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒன்றுக்கு இரண்டாக விற்கிறதே என்று மூடிக்கொண்டாள்.

வீட்டில் சீர் சாமான் கட்டியதும் அதே முறையில்தான். இந்தப் பையில் என்ன போனதோ, அதுவே அந்தப் பையிலும் போனது. கருப்பட்டி போனது, அதிரசம் போனது, முள் அசையவே இல்லை. “எடைதான் ஏறலையே, இன்னுங் கொஞ்சம் வைங்க” என்று குருவம்மாள் மேலும் கருப்பட்டி எடுத்துக் கொடுத்தாள்.

வழியனுப்பக் குருவம்மாளும் விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். அங்கிருந்த அதிகாரிப் பெண் முதல் பையை எடை மிஷினில் வைத்தாள். பத்து கிலோ. மற்றதை வைத்தாள். அதுவும் பத்து.

இருளப்பன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஒத்தையா வச்சா அப்படித்தாம்மா காட்டும். ஜோடிப் பை அது. சேத்து வைங்க.”

சேர்த்து வைத்தாள். இருபது.

“இது நிறுவையா?” என்றார் இருளப்பன். “ஒரே ஒரு தட்டு. ஒரு பக்கத்த மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ற மிஷினு.”

ஒவ்வொன்றிலும் மூன்று கிலோ குறைத்துக்கொண்டு வரச் சொன்னாள் அவள். தம்பி பையிலிருந்து மூன்று கிலோ கருப்பட்டியை எடுத்தார்கள். நல்ல கருப்பட்டியைத் தரையிலா வைப்பது? அண்ணன் பையில் வைத்தார்கள். தம்பி பை தேறியது. அண்ணன் பை பதின்மூன்று.

அதிகாரி பையைக் கீழே இறக்கி வைத்தாள். பிறகு பொறுமையாக, “பையை வீட்டம்மாகிட்ட குடுத்துட்டு நீங்க மட்டும் போகலாமே, ஐயா” என்றாள்.

இதைப் பற்றி மூவரும் தூணோரம் கூடி ஆலோசித்தார்கள். குருவம்மாள்தான் விஷயத்தின் வேரைப் பிடித்தாள்.

“தராசுல எந்தத் தட்டு மேல போகும்?”

“லேசான தட்டு” என்றார் இருளப்பன்.

“கனத்த தட்டு?”

“கீழ நிக்கும்.”

“பிளேனு மேலதான போகுது?”

வாழ்நாளெல்லாம் தராசை நம்பிய இருளப்பன், இன்றைக்கு ஒரு மடிக்காக எப்படி அதை மறுத்துப் பேசுவார்? கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசான பையையும் தம்பியையும் அனுப்பிவிட்டு, கனத்த பையோடு ஊர் திரும்பினார்.

மறுநாள் காலை வள்ளிமயில் வீடியோ காலில் கூப்பிட்டாள். சின்ன மாமன் மடியில் ஒரு காது குத்தியாயிற்று, பிள்ளை தெருவே கூடும்படி அழுதாள், ஆனால் பையில் ஒரு தோடுதான் இருக்கிறது என்றாள்.

“இன்னொரு தோடு எங்கண்ணே?”

“ரெண்டு பையும் சமமா நிக்கணும்னு அத என் பையில வச்சேம்மா” என்றவர், சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு காது இன்னும் மிச்சம். பெரிய மாமன் மடியும் மிச்சம். “பிள்ளைய நல்லாக் காட்டு. குத்தாத காத மட்டும் பக்கத்துல காட்டு. அசைய விடாத.”

அண்ணன் ஆசையாய்ப் பார்க்கிறார் என்று வள்ளிமயிலும் காட்டினாள்.

இருளப்பன் பட்டு வேட்டி கட்டி, மண்டியில் சம்மணம் போட்டு, போனை மடியில் படுக்க வைத்தார். குருவம்மாள் காது குத்தும் ஆசாரியை அழைத்து வந்தாள். அவரும் ஏமாங்குளத்துக்காரர்தான். வெற்றிலையிலிருந்த தோட்டைப் பார்த்தார், மடியிலிருந்த காதைப் பார்த்தார், நல்ல காது என்று பாராட்டினார். ஊசியைச் சரியாக நடுவில் வைத்து ஒரே தட்டு.

போன் கறுத்து அடங்கியது. தோட்டின் திருகாணியை எந்தப் பக்கத்திலிருந்து மாட்டுவது என்று ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இருளப்பன் மனைவியைப் பார்த்தார். “கவனிச்சியா குருவம்மா? தம்பி மடியில அந்த அழுகை அழுத பிள்ளை, எம் மடியில மூச்சுக்கூட விடல.”