அன்புள்ள மலை அவர்களுக்கு

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஓர் அன்னமடம். மதியம் யார் வந்து உட்கார்ந்தாலும் இலை விழும். அதை நடத்தியவர் கோமதி அம்மா. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஊரார் அவரை ஞானி என்றார்கள். சமையற்கட்டில் அவர் சிரித்தால் வாசல்வரை கேட்கும். ஞானிக்கு இவ்வளவு சிரிப்பு ஆகுமா என்று கேட்டவர்களும் உண்டு.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் சிதம்பரநாதன். வயதில் குருவைவிடப் பெரியவர். ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். 'தப்பு' என்ற சொல்லை மற்றவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் பயன்படுத்துவார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. தீட்சை வாங்க வேண்டும், பழைய பெயரை விட்டுப் புதுப் பெயர் பெற வேண்டும். 'ஆனந்தர்' என்று முடிந்தால் நன்றாயிருக்கும் என்று மனதுக்குள் இரண்டு மூன்று பெயர்களைப் பொறுக்கியும் வைத்திருந்தார்.

"தை மாசக் குருபூஜையில பாப்போம். அதுவரைக்கும் மடத்துக் கம்ப்யூட்டரப் பாத்துக்கிடுங்க" என்றார் அம்மா.

கணினியில் உபயதாரர்களின் விவரம் இருந்தது. பெயர், ஊர், கைபேசி எண், வருடத்தில் எந்த நாள் அவர்கள் உபயம் என்ற குறிப்பு. ஒவ்வொரு நாளும் காலையில் அன்றைய உபயதாரரின் பெயரோடு 'அவர்கள்' சேர்த்து அச்சடித்துப் பந்திக்கூடத்துக் கரும்பலகையில் ஒட்டுவது மடத்து வழக்கம்.

சிதம்பரநாதன் அதைத் திறந்து பார்த்தார்.

முன்பு இருந்தவர் வாய்க்கு வந்ததையெல்லாம் அடித்து வைத்திருந்தார். 'கடையநல்லூர் பாய்' என்று ஒருவர். 'மாடி வீட்டு அக்கா, புது நம்பர்' என்று இன்னொருவர். ஒரே ஆள் மூன்று இடத்தில் மூன்று எண்ணோடு இருந்தார். சிலருக்கு முன்னால் திரு இருந்தது. சிலருக்குத் திருமதி, சிலருக்குச் செல்வி. சிலருக்கு ஒன்றுமே இல்லை.

முதலில் இந்தப் பட்டங்களை ஒழிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். பெயர்க் கட்டத்தில் எங்கே இருந்தாலும் தேடி எடுத்துவிடும்படி கணினிக்குக் கட்டளை போட்டார். 'திருமதி'யைத்தான் முதலில் எடுத்தார். 'திரு'வை முதலில் எடுத்தால் வெறும் 'மதி' மிஞ்சும் என்று தெரிந்த கெட்டிக்காரர். பிறகு 'திரு'. கடைசியாகச் 'செல்வி'. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் போயிற்று.

அம்மாவிடம் போய்ச் சொன்னார். "எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டேன்மா. இனி திருவும் கிடையாது, திருமதியும் கிடையாது. எல்லாரும் சமம்."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பெரிய காரியம்தான். எல்லாரும் சௌக்கியமா இருக்காகளா?"

"யாரும்மா?"

"கம்ப்யூட்டர்ல இருக்கவங்க."

சிதம்பரநாதன் சிரித்துவைத்தார். குருபூஜை அழைப்பிதழ்களை அந்தப் பட்டியலைக்கொண்டே அச்சடித்துத் தபாலில் சேர்த்தார்.

அடுத்த வாரத்தில் ஒரு மதியம். சுரண்டையிலிருந்து ஒரு பெண் பஸ் பிடித்து வந்தாள். புதுப்புடவை, தலை நிறையப் பிச்சிப்பூ. அன்று அவளுக்குப் பிறந்தநாள், அன்றைய சோறும் அவள் உபயம். நேரே பந்திக்கூடத்துக்குப் போய்ப் பலகைக்கு எதிரே நின்றாள்.

பலகையில் இப்படி இருந்தது: 'இன்றைய உபயம்: அவர்கள், சுரண்டை.'

இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். "யாருவே இந்த அவர்கள்?"

"யாரா இருந்தா என்ன? கூட்டு நல்லாருக்கு, சாப்பிடும்."

அந்தப் பெண் நகரவில்லை. சிதம்பரநாதன் அருகில் போய், "என்னம்மா வேணும்?" என்றார்.

"என் பேரு எங்க?"

"உங்க பேரு?"

"செல்வி."

சிதம்பரநாதன் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "எங்க தெருவுல நான் முருகையா வீட்டுக்காரி. பள்ளிக்கூடத்துல மகேசு அம்மா. மாமியாருக்கு 'ஏட்டி'. இந்தப் பலகையில மட்டுந்தான் செல்வின்னு இருக்கும். அதப் பாக்கத்தான் வருசத்துக்கு ஒருக்க பஸ் ஏறுதேன். இன்னைக்குப் பாத்தா நானே இல்ல" என்றாள்.

கோமதி அம்மா சாம்பார் வாளியோடு வந்தவர் எல்லாவற்றையும் கேட்டார். வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு சாக்குக்கட்டியோடு வந்தார். பலகையில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தார்.

"இந்தாம்மா. நீயே எழுது."

செல்வி முதலில் தயங்கினாள். பிறகு பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை எழுதினாள். 'செ'வுக்கே பாதிப் பலகை போய்விட்டது, 'ல்வி'யை நெருக்கிப்பிடித்து அடக்கினாள். பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு 'ஓ' போட்டார்கள். அவளும் சிரித்துவிட்டாள். அன்று அவளே எல்லோருக்கும் பாயசம் ஊற்றினாள்.

சிதம்பரநாதன் சாப்பிடவில்லை. கணினி முன்னால் போய் உட்கார்ந்தார்.

யானைக்கும் அடி சறுக்கும். இந்த யானை மலையிலிருந்தே உருண்டிருந்தது. திருநாவுக்கரசு வெறும் நாவுக்கரசாகியிருந்தார். தமிழ்ச்செல்வி 'தமிழ்ச்' என்று பாதியில் நின்றாள். கலைச்செல்வி 'கலைச்'. திருமலை 'மலை'. செல்விகள் ஒருவர்கூட மிச்சமில்லை. நல்லவேளை, ஊர்ப் பக்கம் கட்டளை போகவில்லை. போயிருந்தால் திருநெல்வேலியும் நெல்வேலியாகியிருக்கும்.

தொலைபேசி அடித்தது.

"மடமா? நான் புளியங்குடியில இருந்து திருமலை பேசுதேன். அழைப்பு வந்துச்சு. 'அன்புள்ள மலை அவர்களுக்கு'ன்னு போட்டுருக்கீய. நான் கொஞ்சம் உடம்பா இருக்கேன்தான், அதுக்காக மடத்துலயே சொல்லிக் காட்டணுமாய்யா? என் வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரிக்கா."

பின்னால் அந்த அம்மாள் சிரிப்பது நன்றாகக் கேட்டது.

சிதம்பரநாதன் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். 'மலை' வந்தபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிரயோசனமில்லை. அந்தச் சிரிப்பு வாசல்வரை போயிற்று.

சிதம்பரநாதனுக்கு ரோஷம் வந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"பேரும் உருவமும் மாயைன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. செல்விங்கிற ஒரு பேரு போனா என்ன குறைஞ்சிரும்?"

"மாயைதான். அதுல சந்தேகமே இல்ல."

அவர் முகம் தெளிந்தது.

"உங்க பேர நீங்க விட்டா அதுக்குத் துறவுன்னு பேரு. அவ பேர நீங்க விட்டா?" என்றார் அம்மா.

சிதம்பரநாதன் ஒரு சொல்லைத் தேடினார்.

"அதுக்கும் ஒரு சொல்லு இருக்கும். யோசிச்சுப் பாருங்க" என்றார் அம்மா, சிரிப்பு மாறாமல்.

"சரிம்மா. பழைய பிரதி பத்திரமா எடுத்து வச்சிருக்கேன். அதப் போட்டா ஒரு நிமிஷத்துல எல்லாம் சரியாயிரும்."

"அது வேண்டாம். பேரு அவங்ககிட்டதான இருக்கு? அவங்ககிட்டயே கேளுங்க."

"ஒவ்வொருத்தரையுமா?"

"ஒவ்வொருத்தரையும்."

"குருபூஜைக்கு இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு. என் தீட்சை?"

"எல்லாருக்கும் பேரு வரட்டும். கடைசியா உங்களுக்கு."

மறுநாள் காலையிலேயே சிதம்பரநாதன் கைபேசியோடு உட்கார்ந்தார். முதல் ஆளை அழைத்தார்.

"வணக்கம். உங்க பேரு என்னன்னு தெரிஞ்சுக்கிடலாமா?"

"போன் பண்ணினது நீரா, நானா?" என்று வைத்துவிட்டார் அவர்.

இரண்டாவது ஆள் பேச்சையே வளர்க்கவில்லை. "பேரக் கேப்ப, அடுத்து ஓடிபி கேப்ப. போலீஸ்ல சொல்லட்டா?"

ஆயுசு முழுக்க வங்கியில் இருந்த மனிதர், காது சிவக்க உட்கார்ந்திருந்தார். அடுத்தடுத்த அழைப்புகளில் பேச்சை மாற்றிக்கொண்டார். "மடத்துல இருந்து பேசுதேன். உங்க பேரத் தொலைச்சது நான்தான். திருப்பித் தருவீங்களா?" என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு ஒருவரும் வைக்கவில்லை.

ஓர் எண்ணில் ஆண் குரல் எடுத்தது.

"கலைச்செல்வி அம்மா இருக்காங்களா?"

"எந்தக் கலைச்செல்வி? அப்பிடி யாரும் இங்க... ஏ, அட! நம்ம வீட்டுலதான். இரும், கூப்பிடுதேன். கலைச்செல்வீ!"

உள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "என்ன இன்னைக்குப் பேரெல்லாம் சொல்லிக் கூப்பிடுதிய? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

சிதம்பரநாதன் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து அறையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் அப்படிச் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

பெயர் கேட்கப் போனால் பெயரோடு நிற்கவில்லை. ஒருவர் வீடு மாறியிருந்தார். ஒரு பாட்டியின் எண் மருமகளிடம் இருந்தது. மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டில் இருந்தாள். மடத்துப் போன் என்றதும் மாமியாரும் மருமகளும் அந்தச் சாக்கில் பேசிக்கொண்டார்கள். ஒருவர் இறந்துபோயிருந்தார். "அப்பா பேருலயே இருக்கட்டும் சார். அந்தப் பலகையிலயாவது வந்து போகட்டும்" என்றான் மகன். கடையநல்லூர் பாய்க்குப் பெயர் பீர் முகம்மது. "பாய்னே போடுங்க, பேரு நீளம்" என்றார் அவர்.

கோவில்பட்டி எண் ஒன்று. பட்டியலில் 'மகள்' என்று மட்டும் இருந்தது.

"அம்மா, மடத்துல இருந்து பேசுதேன். உங்க பேரு திருமகளா?"

"ஆமா."

"மன்னிக்கணும். அழைப்புல பேரு தப்பா விழுந்திருச்சு. 'அன்புள்ள மகள்'னு..."

"தப்பாவா?"

போனில் காகிதம் சரசரக்கும் சத்தம் கேட்டது.

"தப்பா விழுந்ததா? நான் மடத்து அம்மாவே எழுதினாகன்னு நெனச்சேன். வயசு எழுபதாச்சு. என்ன மகளேன்னு கூப்பிட்ட கடைசி ஆளு போயி எத்தனையோ வருசம். அந்தக் கடுதாசிய சாமி படத்துக்கிட்ட வச்சிருக்கேன். தெனமும் எடுத்து ஒரு தடவ வாசிப்பேன்" என்றார் அவர்.

சிதம்பரநாதனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துக்கம் என்று சொல்ல முடியாது. இவ்வளவு பெரிய சந்தோஷத்தைத் தான் தவறுதலாகக் கொடுத்திருக்கிறோம் என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது.

"தப்பு இல்லம்மா, சரியாத்தான் விழுந்திருக்கு" என்றார். "குருபூஜைக்கு வாங்க, மகளே."

தெரிந்தே ஒரு பிழையைத் திருத்தாமல் விட்டது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார். 'எப்படிக் கூப்பிட வேண்டும்' என்று அதற்குத் தலைப்பு வைத்தார். திருமகளுக்கு எதிரே 'மகள்' என்றும், பீர் முகம்மதுவுக்கு எதிரே 'பாய்' என்றும் அடித்தார். புளியங்குடிக்காரர் மனைவி போனைப் பிடுங்கி அப்படியே இருக்கட்டும் என்றதற்காகத் திருமலைக்கு எதிரே 'மலை' என்றே இருந்தது. சுரண்டைக்கு எதிரே 'செல்வி' என்று அடித்துவிட்டு எழுத்தைப் பெரிதாக்கினார்.

குருபூஜை வந்தது. இதற்குமுன் வராதவர்களெல்லாம் வந்தார்கள். வாசலில் செருப்பு விட இடமில்லை. வந்தவர்கள் சாமியைக் கும்பிட்டார்கள், அம்மாவைக் கும்பிட்டார்கள், பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

"பேரு கேட்ட அண்ணாச்சி எங்க?"

அத்தனை பேரின் பெயரையும் கேட்டவர், ஒருவரிடமும் தன் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

"பேரு கேட்ட அண்ணாச்சி, இவதான் கலைச்செல்வி!"

"பேரு கேட்ட அண்ணாச்சி, இங்க கொஞ்சம் சாம்பார்!"

"பேரு கேட்ட அண்ணாச்சி, மலைக்கு இன்னொரு வடை!"

சிதம்பரநாதன் வாளியோடு இந்தப் பந்திக்கும் அந்தப் பந்திக்கும் ஓடினார். வேட்டியெல்லாம் ரசம். கோவில்பட்டி திருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

கடைசிப் பந்தி எழுந்து, இலை எடுத்து, கூடத்தைக் கழுவிவிட்ட பிறகுதான் அவருக்குத் தீட்சை நினைவுக்கு வந்தது. முகம் கழுவிக்கொண்டு போய் அம்மா முன்னால் நின்றார். பொறுக்கிவைத்திருந்த பெயர்களில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"அம்மா, எல்லாருக்கும் பேரு வந்தாச்சு."

"பாத்தேன்."

"எனக்குப் புதுப் பேரு தாரேன்னு சொன்னீங்க."

அம்மா அவர் நெற்றியில் திருநீறு பூசினார்.

"மத்தியானத்துல இருந்து ஊரே கூப்பிட்டுக்கிட்டு இருக்கு. நீங்களும் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் நின்னீங்க. இனிமேலா நான் வைக்கணும்?"