சந்தனம் காய்ந்த கீபோர்டு

விருத்தாசலத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, மணிமுத்தாற்றின் கரையில் ஒரு குடில். அதில் ஒரு சாமி இருந்தார். காவி கட்டமாட்டார். வெள்ளை வேட்டி, தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஆனால் தலை முழுக்க நரைத்துவிட்டதால், வருகிறவர்கள் தங்களைவிடப் பெரியவர் என்று நினைத்துக்கொண்டு காலில் விழுந்தார்கள். சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு அவரும் விட்டுவிட்டார்.

சாமிக்குப் பொதுவாகவே சலிப்புதான். ஒரு காலத்தில் பிறவி எதற்கு என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். இப்போது எந்த ஏசி நல்லது, பெண்ணை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். பதில் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். சொன்னால் அதை யூடியூபில் சரிபார்க்கிறார்கள்.

அன்று அவருக்கு ஜலதோஷம் வேறு. மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அம்சவேணி வந்தாள். கையில் ஒரு பெரிய கட்டைப்பை.

அம்சவேணி சாமியைவிட மூத்தவள். வியாழக்கிழமைதோறும் வந்து குடிலைக் கூட்டிப் பெருக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போவாள். முன்பெல்லாம் கண்ணை மூடிய உடனே தலை சரிந்துவிடும். குறட்டைகூட வரும். கொஞ்ச நாளாக அப்படி இல்லை, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். தியானம் கைகூடிவிட்டது என்று மற்ற சிஷ்யர்கள் பொறாமையோடு பேசிக்கொண்டார்கள்.

அவள் பையிலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகளை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ்.

"சாமி, இதுல எதை வெச்சுக்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

சாமி பெட்டிகளைப் பார்த்தார். ஏசியே பரவாயில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

"சொல்லுங்கம்மா" என்றார்.

அவள் கணவர் பூவராகன் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சுக்காரர். வரிசையில் நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தே வரிசையை நீளமாக்கிவிடுவார் என்று வங்கியில் சொல்வார்கள். போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் குழறிப்போனது. அவர் சொல்வது யாருக்கும் புரியாது. புரியவில்லை என்று தெரிந்ததும் அழுதுவிடுவார். இடது கையில் பேனாவைக் கொடுத்தால் வெறும் கோடுதான் வந்தது. செல்போனில் ஒரு எழுத்தைத் தொட்டால் நாலு எழுத்து விழுந்தது. கடைசியில் வீட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டர்தான் கைகொடுத்தது.

இடது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்துவார். திரையில் பெரிதாக வரும். முடித்ததும் எவர்சில்வர் டம்ளரால் மேசையைத் தட்டுவார். அம்சவேணி அடுப்படியிலிருந்து ஓடி வந்து படிப்பாள். 'ஜன்னலைச் சாத்து.' சாத்திவிட்டுப் போய்க் கரண்டியைக் கையில் எடுப்பதற்குள் மறுபடியும் டம்ளர். 'ஜன்னலைத் திற.' விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை இதே கதைதான். பேசிப் பழகிய மனிதர், விடுவாரா?

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணைக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்தவள், கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிடுவாளா? அந்த வீட்டில் அதைவிட உழைக்கிற ஆயுதம் எது? சந்தனத்தைத் தாராளமாகக் கரைத்து, கீபோர்டில் ஒரு வரிசையும் விட்டுப்போகாமல் வைத்தாள். மவுஸை எங்கே தொட்டு வைப்பது என்று தெரியவில்லை. கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் சிவப்பாக வெளிச்சம் வந்தது. இதுதான் அதன் கண் என்று முடிவு செய்து, அங்கே பெரிதாக ஒரு பொட்டு. மேலே குங்குமம்.

விஜயதசமியன்று பூவராகன் விரலை வைத்தால், அமுங்கிய எழுத்து எழவில்லை. சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்திருந்தது. அவள் பதறிப்போய் ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தாள். மிச்சமிருந்த எழுத்துகளும் போய்ச் சேர்ந்தன. மவுஸுக்குக் கண் போயே விட்டது.

அன்றிலிருந்து கடை கடையாக அலைகிறாள். தீபாவளி போய்விட்டது. கார்த்திகை தீபமும் போய்விட்டது.

"இது சத்தமே கேக்காது சாமி" என்று முதல் பெட்டியைத் தொட்டாள். "ஆனா பட்டனெல்லாம் தட்டையா இருக்கு, விரல் வழுக்கும். இதுல பட்டன் நல்லா உசரம். ஆனா உள்ள கலர் கலரா லைட்டு எரியுது, மாரியம்மன் கோயில் சீரியல் செட்டு மாதிரி. இது வயர் இல்லாதது. கால்ல சிக்காது. ஆனா திடீர்னு பேட்டரி தீந்துட்டா என்ன பண்றது? அப்புறம் மவுஸு. இடது கைக்குன்னே தனியா வருதாம். மெட்ராஸ்ல சொல்லி வெச்சிருக்கேன்."

"இவ்வளவுதானா?"

"இதுக்கு முன்னாடி வாங்கினதெல்லாம் திருப்பிக் குடுத்துட்டேன். என்னைப் பாத்தாலே கடைக்காரர் உள்ள போயிடறாரு."

"ஐயாகிட்ட காட்டினீங்களா?"

"ஒண்ணு விடாம காட்டினேன். எதைக் காட்டினாலும் வேணாம்னு தலைய ஆட்டிடறாரு. அவரு எப்பவுமே அப்படித்தான் சாமி. ஒரு சட்டை எடுக்கறதுக்குள்ள கடைத்தெருவையே ஒரு சுத்து சுத்திடுவாரு. சரி, இதைவிட நல்லதா பாப்போம்னு நானும் தேடிக்கிட்டே இருக்கேன்."

"ஏன் வேணாம்னு கேட்டீங்களா?"

"எப்படி சாமி சொல்லுவாரு? அதுக்குத்தான் கீபோர்டு இல்லையே."

சாமி பலமாகத் தும்மினார்.

"இப்ப டம்ளரைக்கூடத் தட்டறதில்ல. ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. கோபம். நான்தானே கெடுத்தேன்?"

"வீடு எப்படி இருக்கு?"

"அமைதியா இருக்கு" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நல்லா இருக்கு சாமி" என்றாள்.

சாமி துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவளே சொன்னாள்.

"சொன்னா பாவம். அந்த அமைதி எனக்கு நல்லா இருக்கு. மத்தியானம் படுத்தா சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கறதில்ல. போன வருஷத்துத் தூக்கமெல்லாம் இப்பத்தான் வருது. அவரு வாய அடைச்சுட்டு நான் தூங்கறேன். முழிச்சதும் அவரு மூஞ்சியப் பாக்க முடியல. உடனே எந்திரிச்சு இன்னொரு கடைக்குப் போறேன்."

அழுதாள். சத்தம் போட்டு அழக்கூட அவளிடம் தெம்பு இல்லை. கண்ணீர் பாட்டுக்கு வந்தது, அவள் பாட்டுக்குப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சாமி எழுந்தார். குடிலின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அமாவாசை அன்னதானத்துக்கு நோட்டீஸ் அடிப்பதற்காக யாரோ கொடுத்தது. சாமி மேசைக்கு அடியில் தவழ்ந்து போனார். அங்கிருந்த தூசிக்கு நன்றாகத் தும்மினார். வெளியே வந்தபோது அவர் கையில் கீபோர்டும் மவுஸும் இருந்தன. கீபோர்டு எந்த நிறத்தில் பிறந்தது என்று இப்போது சொல்ல முடியாது. ஒரு இடத்தில் பட்டன் இல்லாமல் ஓட்டையாக இருந்தது.

"வாங்கம்மா, போவோம்."

"சாமி, இதுல எஃப் இல்லையே."

"ஐயா தமிழ்லதானே அடிப்பாரு?"

"ஆமா. இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினா அது தமிழா மாறிக்கும்."

"அப்ப எஃப் எதுக்கு?"

அவள் யோசித்தாள். "ஃபேன் போடச் சொல்லணும்னா?"

"மார்கழி பொறக்கப் போகுது. சித்திரைக்குள்ள பாத்துக்கலாம்."

"இதைவிட நல்லது என் பையிலேயே இருக்கே சாமி."

"இருக்கும்" என்றார் சாமி.

டவுன் பஸ்ஸில் ஒரே நெரிசல். யாரோ எழுந்து சாமிக்கு இடம் கொடுத்தார்கள். அவர் மறுக்கவில்லை. கீபோர்டை மடியில் வைத்து, வயரைச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அம்சவேணி கம்பியைப் பிடித்தபடி குனிந்து, "சாமி, எது நல்லதுன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லையே" என்றாள். சாமி தூங்கிவிட்டிருந்தார்.

வீட்டில் பூவராகன் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துணைக்கு இருந்த பக்கத்து வீட்டுப் பெண் இவர்களைப் பார்த்ததும் கிளம்பிப் போனாள். மேசைமேல் கம்ப்யூட்டரை ஒரு துண்டு போட்டு மூடியிருந்தது. துண்டை எடுத்தால், திரையின் நெற்றியில் பூஜைக்கு வைத்த பொட்டு அப்படியே காய்ந்திருந்தது.

சாமியைப் பார்த்ததும் பூவராகன் இடது கையை நெஞ்சருகே கொண்டுபோய்க் கும்பிட்டார். சாமி கையிலிருந்த கீபோர்டைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். வேண்டாம்.

"பாத்தீங்களா சாமி? பெட்டியில இருந்து எடுக்கறதுக்கு முன்னாடியே ஆட்டிடுவாரு."

சாமி அவர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"பிடிக்கலையா ஐயா?"

பூவராகன் இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப பிடிச்சிருக்கா?"

அதற்கும் இல்லை என்று தலையாட்டினார்.

அம்சவேணி பெருமூச்சு விட்டாள். "இப்படித்தான் சாமி. இதை வெச்சுக்கிட்டு நான் என்னத்தைன்னு வாங்குவேன்?"

சாமி கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவித் தடவி வயர்களைச் செருகினார். கீபோர்டைப் பூவராகனின் இடது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தார். மவுஸை எடுத்து அதற்கு இடது பக்கம் வைத்தார். இடது கை மவுஸ் தயாராகிவிட்டது. மெட்ராஸில் சொல்லி வைத்திருந்த அம்சவேணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் ஐயா வேணாம்? அடிங்க" என்றார் சாமி.

பூவராகன் விரலைப் பட்டன்மேல் வைத்தார். வைத்தவர் அப்படியே இருந்தார். மனைவியை ஒரு தடவை பார்த்தார், சாமியைப் பார்த்தார், மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

"காபிதான் கேப்பாரு" என்று அம்சவேணி அடுப்படிக்குப் போனாள். கேட்பதற்கு முன்பே பாலை வைத்துவிட்டால் ஒரு ஓட்டம் மிச்சம். அடுப்பைப் பற்றவைத்தாள். கூடத்திலிருந்து முதல் பட்டன் சத்தம் வந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. எத்தனை நாளாயிற்று இந்தச் சத்தம் கேட்டு! அது கேட்டதும் அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். இடுப்பு வலிதான் வந்தது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

டம்ளர் தட்டியது.

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்று அவள் வாய் தானாகச் சொன்னது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள்.

'இது வேண்டாம் வேணி. இப்பதான் நீ மத்தியானம் தூங்கற.'

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். பூவராகன் திருட்டுத்தனம் செய்து பிடிபட்டவர் மாதிரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தட்டையான பட்டனுக்கு ஆட்டிய தலை, உயரமான பட்டனுக்கு ஆட்டிய தலை, வயர் இருந்ததற்கும் இல்லாததற்கும் ஆட்டிய தலை, எல்லாம் அவளுக்கு இப்போது புரிந்தது. தட்டாமல் கிடந்த டம்ளரும் புரிந்தது. கோபம் என்று நினைத்துக்கொண்டு அவள் எத்தனை கடை ஏறி இறங்கியிருக்கிறாள்! நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, உணர்வில்லாத அவருடைய வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வாய்விட்டு அழுதாள். இந்த முறை அழுவதற்குத் தெம்பு இருந்தது.

அடுப்படியில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. சாமி போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்சவேணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவள் முகம்.

"அவரே வேணாம்னு சொல்லிட்டாரு சாமி. நீங்க இதை எடுத்துட்டுப் போயிடுங்க, உங்க நோட்டீஸுக்கு வேணும். இந்தப் பெட்டியெல்லாம் நாளைக்கே கடையில திருப்பிக் குடுத்துடறேன்."

சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டு வயரைப் பிடித்தாள்.

சாமி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சினார். இந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம் நிற்க வேண்டும்.

"வேணாம்னு அவரு சொன்னது உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றார்.