எருமை இரண்டு தரம் தின்ற பர்கர்

பூவாத்தாள் என்ற எருமைக்கு அன்று எழுந்து நிற்கவே தெம்பில்லை. மழை பொய்த்த காடு. புல்லெல்லாம் கருகிக் குச்சியாகிவிட்டது. குளத்தில் நட்டநடுவே ஒரு பாய் அகலத்துக்குச் சேறு மட்டும் மிச்சம். அவள் கன்று பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அது மடியை முட்டி முட்டிப் பார்க்கும். இரண்டு இழுப்பு இழுக்கும். பால் வராது. உடனே தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கடமான் வந்து நின்றது. அந்தக் காட்டுக்கு அதுதான் தலைவர்.

"பூவாத்தா, எந்திரி! மூணு கடைக்காரங்களும் பர்கர் கொண்டு வந்துட்டாங்க. நீதான் தின்னு பாத்துச் சொல்லணும்!"

"என்னை விட்டுடுங்கண்ணா. காலே நிக்க மாட்டேங்குது."

"நீ சொன்னாத்தான் எல்லாரும் கேப்பாங்க. ஓடைக்கரைப் புல்லு ஆகாதுன்னு போன வருஷம் மோந்ததுமே சொன்னது யாரு? நீதானே!"

அதுதான் அவள் செய்த தப்பு. ஒரு தரம் உருப்படியாக ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் போதும், ஆயுசுக்கும் கூப்பிட்டு உயிரை வாங்குவார்கள்!

விஷயம் இதுதான். புல் இல்லாத காட்டில் இனிக் கடையில் வாங்கித்தான் தின்ன வேண்டும். காட்டோரம் மூன்று கடைகள் இருந்தன. மூன்றிலும் விற்பது காய்கறி பர்கர். மழை வரும்வரை எல்லோரும் ஒரே கடையில் வாங்குவது, பதிலுக்கு அந்தக் கடை அடுப்புக்கு விறகு சுமப்பது என்று பேசியிருந்தார்கள். எந்தக் கடை என்று முடிவானதும், பொழுது சாயும்போது எல்லோரும் குளத்துச் சேற்றில் குளம்பு பதிப்பார்கள். பதித்த குளம்புத் தடத்தை மழைதான் அழிக்கலாம். நடுவில் யார் அழுதாலும் புரண்டாலும் பேச்சு மாறாது. அந்தக் காட்டு வழக்கம் அப்படி.

பூவாத்தாள் பெருமூச்சு விட்டுக்கொண்டே போனாள். கன்றும் பின்னால் தள்ளாடித் தள்ளாடி வந்தது.

முதலில் குரங்கு நீட்டியது. பீட்ரூட் பர்கர். பார்க்க என்னமோ சிவப்பாக, ஜோராகத்தான் இருந்தது. கடித்ததும் பொலபொலவென்று உதிர்ந்து பாதி மண்ணுக்குப் போய்விட்டது.

"மிச்சத்தையும் தின்னுங்க!" என்றது குரங்கு.

"கீழே கிடக்கறதைத்தான் தின்னணும் போல," என்றாள் பூவாத்தாள்.

அடுத்தது முள்ளம்பன்றி. கேழ்வரகு பன், நடுவில் கொள்ளும் முருங்கைக்கீரையும் சேர்த்துத் தட்டிய கட்லெட். வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது. தொண்டையை வேறு அடைத்தது.

"உப்பு கொஞ்சம் கம்மிதான்," என்றது முள்ளம்பன்றி. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வியாபாரம் பண்ண வந்த மூஞ்சியா அது!

கடைசியில் கீரி துள்ளிக்கொண்டு வந்தது. கீரிக்கும் காய்கறிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதன் அட்டைப்பெட்டி பளபளவென்று மின்னியது. ஒரு பக்கம், 'சத்து நிறைந்தது!' இன்னொரு பக்கம், 'பால் சுரக்கும்!' மூன்றாவது பக்கம், 'குடும்பத்துக்கே நல்லது!' நான்காவது பக்கத்தில் பொடி எழுத்தில் என்னமோ இருந்தது. அதன் மேல் கீரி கையை வைத்துக்கொண்டிருந்தது.

பூவாத்தாள் அதைக் கவனித்தாள். கையை எடு என்று சொல்லலாம்தான். சொன்னால் அது ஒன்று பேசும், இவள் ஒன்று பேச வேண்டும், மறுபடி அது பேசும். யாரால் ஆகும்? பேசாமல் வாயைத் திறந்து கடித்தாள்.

அடடா! உப்பும் காரமும் எண்ணெயும் சேர்ந்து நாக்கைச் சுண்டி இழுத்தது. சுற்றி நின்ற ஆடுகளும் மான்களும் காட்டெருமைகளும் மூன்றிலும் ஆளுக்கொரு துண்டு தின்றிருந்தார்கள். எல்லோரும் நாக்கைச் சப்புக்கொட்டினார்கள்.

"சொல்லு பூவாத்தா! எது?"

"கீரியோடதுதான் நல்லா இருக்கு. நான் போகட்டுமா?"

"கீரி கடை! கீரி கடை!" என்று ஒரே கூச்சல். ஆடுகள் அப்போதே விறகு பொறுக்க ஓடின.

பூவாத்தாள் ஒரு புங்க மரத்தடியில் போய்ப் பொத்தென்று படுத்தாள். 'அப்பாடா' என்றிருந்தது. கன்று அவள் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

எருமை எதையும் இரண்டு தரம் தின்னும். முதலில் அவசரமாக விழுங்கும். அப்புறம் படுத்துக்கொண்டு, விழுங்கியதை வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாக அசைபோடும். பூவாத்தாளும் கண்ணை மூடிக்கொண்டு அசைபோட்டாள்.

முதலில் கீரியின் பர்கர் மேலே வந்தது. உப்பைக் காணோம். காரத்தைக் காணோம். வெறும் மைதாப் பசை! மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கூடவே பழைய எண்ணெய்க் காறல். தேடித் தேடிப் பார்த்தாள், பல்லுக்கு ஒன்றுமே அகப்படவில்லை.

பிறகு முள்ளம்பன்றியின் பர்கர் வந்தது. கொள்ளு இப்போதுதான் ஊறியிருந்தது. மெல்ல மெல்ல ருசி இறங்கியது. கீரை வாசனை வந்தது. வயிற்றுக்குள் இதமான சூடு பரவியது. அவள் கண்ணைத் திறந்தாள்.

கன்று மடியை முட்டியது. இரண்டு இழுப்பு இழுத்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது.

"பாக்காதடா ராசா," என்றாள் பூவாத்தாள். "அம்மா தப்பாச் சொல்லிட்டு வந்துட்டேன்."

நாளைக்குப் போய்ச் சொன்னால் என்ன? ஆகாது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குளம்பு பதித்துவிட்டால் மழை வரும்வரை இந்தப் பசையைத்தான் தின்ன வேண்டும். இந்தக் கன்று அதுவரை தாங்குமா? வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்லித் தொலைக்கக் கூடாதா? எல்லாவற்றுக்கும் நான்தானா? சொன்னதை மாற்றிச் சொன்னால் சிரிக்க மாட்டார்களா? நினைக்க நினைக்க அழுகையே வந்தது.

முன்னங்காலை ஊன்றினாள். வழுக்கியது. மறுபடி ஊன்றி எழுந்தாள்.

அவள் தள்ளாடிப் போய்ச் சேர்ந்தபோது, குளத்தில் கடமான் சேற்றுக்கு மேலே காலைத் தூக்கிவிட்டது.

"நிறுத்துங்கண்ணா! நான் சொன்னது தப்பு!"

எல்லோரும் திரும்பினார்கள். ஓர் ஆடு கெக்கெக்கே என்று சிரித்தது.

"ஒரு நாக்கு, ரெண்டு பேச்சா?" என்று கீரி எகிறியது.

"நாக்கு ஒண்ணுதான். ஆனா அது ரெண்டு தரம் தின்னுச்சு," என்றாள் பூவாத்தாள். "பெட்டி மேலே இருந்து கையை எடு."

"எதுக்கு?"

"எடுன்னா எடு! இதை அப்பவே கேட்டிருக்கணும். அசதியில விட்டுட்டேன்."

கடமான் பெட்டியை வாங்கி உரக்கப் படித்தது. "மைதா. எண்ணெய். உப்பு. நிறம். இன்னும் கொஞ்சம் உப்பு. காய்கறி, தேவையான அளவு."

"யாருக்குத் தேவையான அளவு?" என்று கேட்டது முள்ளம்பன்றி. அன்றைக்கு அது பேசிய இரண்டாவது பேச்சு அதுதான்.

"அதெல்லாம் சரி, ருசியா இருந்துச்சே!" என்று ஆடுகள் முணுமுணுத்தன.

பூவாத்தாளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "எனக்கு வாதாடத் தெம்பில்லை. நீங்களும் அசைபோடுற ஜாதிதானே? உக்காருங்க. அசைபோட்டுட்டு அப்புறம் குளம்பை வையுங்க."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். தாடைகள் அசைகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, சிரித்த ஆடு முகத்தைச் சுளித்தது. ஒரு காட்டெருமை த்தூ என்று துப்பியது. கடமான் நீண்ட நேரம் மென்றுவிட்டு எழுந்தது. குனிந்த தலையோடு முள்ளம்பன்றியைப் பார்த்து, "உன் கடைக்குத்தான் விறகு," என்றது.

சேற்றில் குளம்புகள் பதிந்தன. கீரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நழுவியது.

பூவாத்தாளை யாரும் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. வந்த வழியே மெல்ல நடந்து, அதே புங்க மரத்தடியில் படுத்துக்கொண்டாள். அன்று முதல் கொள்ளு பர்கர்தான். உப்பு கம்மிதான். பத்தாம் நாள் கன்று மடியில் வாய் வைத்தது, வைத்த வாயை எடுக்கவில்லை. வாயோரம் நுரை தளும்பக் குடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே தூங்கிப் போனது. அதற்குப் பிறகுதான் அவளும் தூங்கினாள்.

அசதியில் தப்பாகச் சொல்லிவிடுவது யாருக்கும் நேரும். தப்பென்று தெரிந்த பின், கால் எவ்வளவு வலித்தாலும் எழுந்து போய் அதைத் திருத்திச் சொல்லிவிட வேண்டும்.