ஏரிக்கு நாடு கடத்தப்பட்ட தொந்தி

கோதண்டவேல் மன்னருக்கு ஓர் ஆசை வந்தால் அரண்மனையே அல்லாட வேண்டும். அந்தக் கோடையில் பட்டினியே கிடக்க வேண்டியதாயிற்று.

வெயில் தாங்காமல் மன்னரும் பரிவாரமும் மலைமேல் ஓர் ஓடைக்கரையில் கூடாரம் அடித்திருந்தார்கள். எந்த நாட்டிலிருந்தோ வந்த ஒரு வணிகன் மன்னருக்குப் புதுமாதிரித் தூண்டில் ஒன்றைப் பரிசளித்துவிட்டுப் போயிருந்தான். இதற்குப் புழு வேண்டாம். முள்ளில் சேவல் இறகைக் கட்டி ஈ மாதிரி செய்திருக்கும். கயிற்றைத் தலைக்குமேல் பின்னும் முன்னும் வீசி, அந்தப் பொய் ஈயை ஓடைத் தண்ணீர்மேல் மெல்ல உட்கார வைக்க வேண்டும். நிஜ ஈ என்று நம்பி மீன் தாவும்.

மன்னர் உடனே சபதம் செய்துவிட்டார். "நான் பிடிக்கும் முதல் மீன் சட்டியில் விழும்வரை இந்த மலையில் ஓர் அடுப்பும் எரியக் கூடாது!"

மூன்று நாளாயிற்று. ஒரு மீனும் தாவவில்லை. எல்லாருக்கும் பலாச்சுளையும் தேனும்தான் சாப்பாடு.

அதிகம் வாடிப்போனவர் ஆவுடையப்பர். சபையில் வேடிக்கையாகப் பேசுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். பெரிய தொந்திக்காரர். முதல் நாள் அவரும் அந்தத் தூண்டிலை வீசிப் பார்த்தார். முள் பின்னால் போய் அவர் குடுமியிலேயே மாட்டிக்கொண்டது. "மீன் பிடிக்கப் போய்த் தன்னையே பிடித்துக்கொண்ட ஒரே ஆள் நான்தான். எடை போட்டுப் பார்த்தால் இந்த ஓடையில் இதைவிடப் பெரியது கிடைக்காது" என்று அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

மீன் ஏன் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். மன்னர் எங்கே போனாலும் முரசும் கொம்பும் வெண்கொற்றக்குடையும் கட்டியக்காரரும் கூடவே போக வேண்டும் என்பது படைத்தலைவரான தளவாய் திருமேனி போட்ட உத்தரவு. மன்னர் கயிற்றை வீசும்போதெல்லாம் முரசு இடி இடித்தது. கட்டியக்காரர் தொண்டை கிழியப் பட்டங்களைக் கூவினார். குடையின் நிழல் ஓடைமேல் விழுந்து ஆடியது. எந்த மீன் அங்கே நிற்கும்?

ஆனால் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? ராஜ மரியாதையைப் பழித்தான் என்று திருமேனி தலையை வாங்கிவிடுவார். சோற்றுக்காகத் தலையைக் கொடுக்கும் அளவுக்கு ஆவுடையப்பருக்கு இன்னும் பசிக்கவில்லை. ஆனால் கிட்டத்தட்ட அந்த நிலைமைதான்.

நான்காம் நாள் காலை மன்னர் தூண்டிலைத் தரையில் எறிந்தார்.

திருமேனி நைசாகச் சொன்னார். "மன்னா, நம் ஆவுடையப்பர்தான் பேச்சாலேயே எதையும் சாதிப்பவராயிற்றே. மீனை வரவழைக்கச் சொல்லுங்களேன்."

"சரிதான்! ஆவுடையப்பா, இன்றைக்கு எனக்கு மீன் சிக்கியாக வேண்டும். வலை கூடாது, புழு கூடாது, யாரும் தண்ணீரில் இறங்கி மீனை முள்ளில் மாட்டிவிடவும் கூடாது."

ஆவுடையப்பர் தடாலென்று காலில் விழுந்தார். "மன்னா, குற்றவாளி நான்தான்! இந்த வயிறு தின்ற மீனுக்கு அளவே இல்லை. கரையில் என் தொந்தியைப் பார்த்ததும் மீன்கள் குடும்பத்தோடு ஓடிவிடுகின்றன. என்னைக் கீழே இருக்கிற ஏரிக்கு நாடு கடத்திவிடுங்கள்."

மன்னருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போய்த் தொலை!"

"சும்மா போனால் மீன்களுக்கு எப்படித் தெரியும்? முரசு, கொம்பு, குடை, கட்டியக்காரர், தளவாய் எல்லாரோடும் ஊர்வலமாக அனுப்புங்கள். 'அந்தத் தீனிப்பண்டாரம் போகிறான்' என்று ஓடை முழுக்கக் கேட்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

ஊர்வலம் மலையிறங்கி ஏரிக்கு வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. குடைக்காரன் பழக்கதோஷத்தில் முன்னால் நின்ற ஆவுடையப்பருக்கே குடையைப் பிடித்தான். அவரும் சுகமாக நின்றுகொண்டார். திருமேனி அதை ஓரக்கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஓடைப் பக்கமிருந்து மன்னரே ஓடி வந்தார். செருப்பில்லை, வேட்டி நனைந்திருந்தது. கையில் விரல் நீளத்துக்கு ஒரு கெண்டை துள்ளியது.

"சிக்கிவிட்டது! அடுப்பை மூட்டச் சொல்லுங்கள்!"

ஆவுடையப்பருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அதற்குள் திருமேனி முன்னால் வந்தார்.

"மன்னா, இவர் தங்கள் வெண்கொற்றக்குடையின் கீழ் நின்றார். அத்தனை பேரும் சாட்சி. அதற்குத் தண்டனை தலை."

மன்னரின் முகம் சுண்டிப்போயிற்று. "அப்படியா, ஆவுடையப்பா?"

நிழலைக் கண்டதும் இளித்துக்கொண்டு நின்றோமே, நம்மைப்போல் ஒரு மடையன் உண்டா என்று ஆவுடையப்பர் மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டார்.

"உண்மைதான், மன்னா. குடைக்குக் கீழேதான் நின்றேன். முரசு முழங்கியது, கொம்பு ஊதியது. ஏரியில் ஒரு மீனாவது என்னை ராஜா என்று நம்பிப் பக்கத்தில் வந்ததா? தளவாயையே கேளுங்கள்."

"எல்லாம் ஓடிப்போயின" என்றார் திருமேனி.

"மன்னர் அங்கே குடையில்லாமல், முரசில்லாமல், தன்னந்தனியாக நின்றார். கெண்டை தானே தேடி வந்தது. ராஜா யார் என்று ஒரு கெண்டைக்குக்கூடத் தெரிகிறது, மன்னா. நம் தளவாய்க்கு மட்டும் குடையைப் பார்த்தால்தான் தெரிகிறது!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திருமேனி தலையைக் குனிந்துகொண்டார். "பிழைத்துப் போ, ஆவுடையப்பா!" என்று மன்னர் இரண்டு கையாலும் தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.

இரண்டு கையாலும்! கெண்டை தொப்பென்று ஏரியில் விழுந்து ஒரே சுழட்டில் மறைந்தது.

முத்துமாலையோடு ஆவுடையப்பர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன யோசனை?" என்றார் மன்னர்.

"ஒன்றுமில்லை, மன்னா. என் வாய் என் தலையைக் காப்பாற்றிவிட்டது. அந்த வாய்க்குத்தான் இன்றைக்கும் ஒரு வாய்ச் சோறில்லை!"