தங்கம் பூசிய மண்கூஜா

முன்னொரு காலத்தில் மருதவெளி என்ற நாட்டைக் கோலாகலவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் பல்லக்கில் ஏற்றிய ஆளை மாலையில் நாடு கடத்திவிடுவார். வெளிதேசத்துக் கைவேலைப் பொருள்கள் பரிசாக வந்தால் போதும், அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். சீனத்துப் பீங்கான், பாரசீகக் கம்பளம், பர்மாவின் அரக்குப் பெட்டி என்று ஒரு மண்டபம் நிறையச் சேர்த்திருந்தார். அந்த மண்டபத்துக்கு அதிகாரி அலங்காரப்பிரியர். அவர் உத்தரவில்லாமல் அங்கே ஒரு ஈ கூட உட்கார முடியாது.

ஒருசமயம் பாலைவன நாட்டு சுல்தான், ஒட்டக ரோமத்தில் நெய்த விரிப்பை அனுப்பிவிட்டு, பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். கோடையிலும் தண்ணீரைக் குளிர வைக்கும் மண்கூஜா வேண்டுமாம். மண்பாண்டம் செய்யும் பூவாயியிடம் ராஜா அந்த வேலையை ஒப்படைத்தார். அவள் ஆற்று மண்ணோடு மணலும் உமியும் கலந்து பிசைந்து, பத்து நாளில் கூஜாவைக் கொண்டுவந்தாள். “கை என்றால் இதுவல்லவா கை!” என்று சபையிலேயே ராஜா புகழ்ந்தார்.

அலங்காரப்பிரியருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. ‘ஒரு சுல்தானுக்குப் போய் வெறும் மண்ணையா அனுப்புவது?’ என்று, யாரையும் கேட்காமல் கூஜா முழுவதும் அரக்குப் பூசி, மேலே மெல்லிய தங்கத் தகடும் ஒட்டிவிட்டார்.

சித்திரை மாத நடுப்பகல். காலையிலிருந்தே நிரப்பி வைத்திருந்த கூஜாத் தண்ணீரைச் சபையில் சுல்தானின் தூதர் ஒரு வாய் குடித்தார். தண்ணீர் குளிரவே இல்லை. அவர் முகம் சுருங்கிப்போயிற்று. “அரசே, இதற்கு எங்கள் ஊர்த் தோல்பையே தேவலை” என்றார்.

ராஜாவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. பூவாயியை இழுத்துவரச் சொன்னார். “உன் சூளையை இடித்துவிட்டு, உன்னை எல்லைக்கு அப்பால் விரட்டப் போகிறேன். என்ன சொல்கிறாய்?”

 அந்தச் சூளையைச் செங்கல் செங்கலாகத் தன் கையால் கட்டியவள் பூவாயி. அது போனால் பிள்ளைகளுக்குக் கஞ்சி கிடையாது. அப்போதுதான் தங்கமாக மின்னிய கூஜா கண்ணில் பட்டது. அவளுக்குச் சங்கதி புரிந்துவிட்டது.

“மகாராஜா, கூஜாவுக்கு வேர்க்கணும். உள்ளே இருக்கிற தண்ணி மண்ணு வழியாக் கசிஞ்சு, காத்துல உலர்ந்தாத்தான் குளிரும். இந்தப் பூச்சு அதை அடைச்சிடுச்சு.”

“பானைக்கு வேர்க்குமாம்! நாளைக்குப் பசிக்கும் என்பாள்” என்று அலங்காரப்பிரியர் சிரித்தார். சபையும் சிரித்தது.

வெள்ளிச் செம்பில் குடித்தே வளர்ந்த ராஜாவும் தலையாட்டினார். “தங்கம் பூசி எந்தப் பொருளாவது கெட்டிருக்கிறதா?”

வாயால் சொல்லி இவர்களுக்கு ஏறாது என்று பூவாயி கண்டுகொண்டாள். “சரிங்க மகாராஜா, மேல்பூச்சு பெருமைதான். என் கூஜாவுக்கு அந்தப் பெருமையைச் செஞ்ச ஐயாவுக்கும் ஒண்ணு செய்யணும். மண்டபத்துல மழைநாட்டு மீனவருங்க செஞ்ச மெழுகுத்துணி அங்கி இருக்காமே, அதை உங்க கையால போர்த்துங்க. அப்புறம் என்னை விரட்டுங்க.”

ராஜாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. அலங்காரப்பிரியருக்கோ தலைகால் புரியவில்லை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய அங்கியோடு நிமிர்ந்து நின்றார். ராஜா போர்த்தியதை ராஜா சொல்லாமல் கழற்றக் கூடாது என்பது அந்தச் சபையின் வழக்கம்.

பூவாயி அவசரப்படவில்லை. மண் எங்கே எடுத்தாள், உமியை எப்படிச் சலித்தாள் என்று நிதானமாகத் தூதருக்கு விவரித்தாள். அரை நாழிகை போயிற்று. அலங்காரப்பிரியர் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. ஒரு நாழிகையில் கால் தள்ளாடியது.

“மகாராஜா, கழற்ற அனுமதி கொடுங்கள்! வேர்வை வெளியே போக வழியில்லை. உள்ளேயே வெந்துபோகிறேன்!”

“கேட்டீங்களா மகாராஜா?” என்றாள் பூவாயி. “அரக்குப் பூசின கூஜாவுக்கு வாய் இருந்தா இதைத்தான் சொல்லியிருக்கும்.”

ராஜா அங்கியைக் கழற்றச் சொன்னார். பூவாயியின் வீட்டில் காலையில் நிரப்பி வைத்திருந்த சாதாரண மண்கூஜாவை ராஜா வரவழைத்தார். அதன் மேலெல்லாம் ஈரம் பூத்திருந்தது. தூதர் குடித்தார், கேட்டு வாங்கி இன்னொரு குவளையும் குடித்தார். பிறகு ராஜா குடித்தார். குவளையைக் கீழே வைக்காமலே அரண்மனை ஆட்களைப் பார்த்துக் கேட்டார்:

“இத்தனை வருஷமாக வெள்ளிச் செம்பில் எனக்கு வெந்நீரா கொடுத்தீர்கள்?”

பெருமையால் வந்த வினை என்று ராஜா அலங்காரப்பிரியரைக் கடிந்துகொண்டார். அந்தத் தங்கம் முழுவதையும் அவர் கையாலேயே சுரண்டிப் பூவாயியின் முந்தானையில் போடச் செய்தார். தூதர் ஈரக் கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். சூளையை இடிக்கக் கடப்பாரையோடு நின்ற ஆட்கள் அதற்குக் கூரை வேயப் போனார்கள்.

அன்றுமுதல் ராஜா மண்கூஜாத் தண்ணீர்தான் குடித்தார். தினமும் அதை நிரப்பும் வேலை அரக்குப் பூசிய கைக்குத்தான் கிடைத்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?