தொட்டுக் கும்பிட்ட கைடு

ஆசிரமச் செயலாளர் அறிவிப்புப் பலகையில் தாளை ஒட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் வடிவு டீச்சர் அதில் ஒரு சொல்லைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டார்.

"பணியாளர் செண்பகக்கனி, தமது கவனக்குறைவால், மர அறுவை இயந்திரத்தில் இரு விரல்களை இழந்தார். இனி அவர் இயந்திரப் பணியில் அமர்த்தப்படமாட்டார். சமையற்கூடத்துக்கு மாற்றப்படுகிறார்."

சுழித்த சொல், 'கவனக்குறைவால்'.

மலையடிவாரத்தில் இருக்கும் ஆசிரமம் அது. பெயர் வேண்டாம், சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். உள்ளே ஒரு தச்சுப் பட்டறை உண்டு. பள்ளிக்கூடங்களுக்கு பெஞ்சும் மேஜையும் செய்து கொடுப்பார்கள். பட்டறைக்கு ஆசான் கோமதிநாயகம், வயது நாற்பத்திரண்டு. மரவேலை கற்றுக்கொடுப்பார். வாழ்க்கையைப் பற்றிக் கேட்டாலும் பதில் சொல்வார். பாதிக் கேள்விகளுக்குச் சும்மா சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே ரயிலேறி வருகிறவர்கள் இருந்தார்கள்.

வடிவு டீச்சருக்கு அறுபத்தொன்று. முப்பத்தைந்து வருடம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்று, தன்னைவிடப் பத்தொன்பது வயது சின்னவரிடம் சிஷ்யையாகச் சேர்ந்தவர். ஆசான் சொல்வதை எல்லாம் நோட்டில் எழுதுவார். அவர் சொல்லாமல் சிரிப்பதையும் எழுதுவார்.

அன்று காலைதான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருந்தார். கட்டுப் போட்ட இடது கையை மடியில் வைத்துக்கொண்டு செண்பகக்கனி ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்.

"நான் என்ன தப்புப் பண்ணுனேன் டீச்சர்? அதை மட்டும் ஆசான்கிட்ட கேட்டுட்டு வாங்க."

டீச்சர் நேராகப் பட்டறைக்குப் போனார். ஆசான் மூன்று படத்தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டீச்சர். மிஷினுக்குக் கைடு மாத்தணும்னு கமிட்டி சொல்லுது. மூணு விதம் இருக்கு. எது நல்லதுன்னு பாருங்க."

கைடு என்பது, சுழலும் ரம்பத்துக்குப் பக்கத்தில், பலகையை அணைத்துத் தள்ளுவதற்காக இருக்கும் நீள இரும்புச் சட்டம். பலகை எத்தனை அங்குலம் வேண்டுமோ அத்தனை தள்ளி வைத்து, முன்பக்கப் பிடியை அழுத்திப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

"ரெண்டு விரல் போனப்புறமா?" என்றார் டீச்சர்.

ஆசான் படத்தாள்களை டீச்சர் பக்கம் நகர்த்தினார்.

"செண்பகக்கனி ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கா. என்ன தப்புப் பண்ணுனேன்னு கேக்கா. முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க. கைடை அப்புறம் பாக்கலாம்."

"எனக்கும் புரியல டீச்சர்."

"அவ கவனமில்லாத ஆளா?"

"இல்ல. பட்டறையிலேயே நிதானமான கை அவங்க கைதான்."

"பலகையில கோளாறா?"

"பாத்துட்டேன். நல்ல பலகை. செங்கோட்டையிலேர்ந்து வந்த அன்னைக்கே அதே மிஷின்ல நான் அறுத்தும் பாத்தேன். ஒரு குறையும் இல்ல."

"எனக்கு முன்னால அறுங்க."

ஆசான் எழுந்தார். கைடை நாலு அங்குலத்தில் நிறுத்தினார். பிடியை அழுத்திப் பூட்டினார். சுற்றிக்கொண்டு மிஷினின் பின்பக்கம் போய், கைடின் கடைக்கோடியில் உள்ளங்கையால் மூன்று தட்டுத் தட்டினார். திரும்பி வந்து சுவிட்சைப் போட்டார். பலகை முனகாமல் இரண்டாகப் பிரிந்தது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். மிஷினை நிறுத்துங்க."

வகுப்பில் யாரோ பார்த்து எழுதியதைக் கண்டுபிடித்த குரல் அது. ஆசான் நிறுத்தினார்.

"இப்ப என்ன பண்ணுனீங்க?"

"அறுத்தேன்."

"அதுக்கு முன்னால?"

"பூட்டினேன்."

"பூட்டினதுக்கும் அறுத்ததுக்கும் நடுவில?"

ஆசான் தன் வலது கையைப் பார்த்தார்.

"திரும்பப் பூட்டுங்க. தட்டக் கூடாது."

பூட்டினார். கை தானாகப் பின்பக்கம் போகப் பார்த்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் இடுப்பில் செருகியிருந்த டேப்பை எடுத்தார். ரம்பத்துக்கும் கைடுக்கும் நடுவே முன்னால் அளந்தார், பின்னால் அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"முன்னால நாலு அங்குலம். பின்னால ஒரு நூல் கம்மி."

தச்சுக் கணக்கில் ஒரு நூல் என்றால் ஒரு நெல்மணி அகலம். நெல்மணிதானே என்று நினைக்கலாம். பலகை உள்ளே போகப்போக அந்த அளவுக்கு இடம் குறுகும். ரம்பத்துக்கும் இரும்புக்கும் நடுவில் நெருக்குண்ட பலகை, தள்ளுகிற ஆள்மீதே திரும்பிப் பாயும். போகிற போக்கில் கையையும் ரம்பத்தில் இழுத்துவிடும். செண்பகக்கனிக்கு நடந்தது அதுதான்.

"எத்தனை வருஷமா இப்படி இருக்கு?"

"நான் வந்ததிலேர்ந்து. பதினாறு வருஷம். தட்டுனா நேராயிரும். தட்டித் தட்டி, தட்டுதேங்கிறதே மறந்துபோச்சு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"உங்களை யாரையும் பூட்ட விட்டதில்லையே. நான்தானே பூட்டிக் கொடுப்பேன்."

"போன வாரம் செங்கோட்டைக்கு மரம் வாங்கப் போனீங்க. மூணு நாள். பெஞ்சு முடியணும்னு சொல்லிட்டுப் போனீங்க."

டீச்சர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தைத் திறந்து, சத்தமாக வாசித்தார்.

"ஆசான் ஒவ்வொரு முறையும் அறுப்பதற்கு முன் இயந்திரத்தை மூன்று முறை தொடுகிறார். 'மிஷினைக்கூட கும்பிடுவீங்களா ஆசானே?' என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. புன்னகைத்தார்."

நோட்டை மூடினார்.

"நாங்க அதைக் கும்பிடுன்னு நெனச்சோம். இந்த ஆசிரமமே அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கு. அன்னைக்குப் பலகையை அந்தப் பக்கம் வாங்குறதுக்கு நான்தான் நின்னேன். அவ பூட்டினா. சுத்தி வந்தா. உங்களை மாதிரியே பின்பக்கத்தை மூணு தடவை தொட்டா. பூ மாதிரி தொட்டா. கண்ணுல ஒத்திக்கிட்டா. 'நீங்களும் தொட்டுக்கோங்க டீச்சர்'னா. நானும் தொட்டேன். முப்பத்தஞ்சு வருஷம் இணைகோடு நடத்தினவ நான். டேப்பை இடுப்புல வச்சுக்கிட்டே, அளக்காம கும்பிட்டேன்."

அவருக்கு வந்தது அழுகையில்லை. கோபம்தான். பாதி தன்மேல், பாதி எதிரே நின்றவர்மேல்.

"நான் கேட்டேன்லா? 'கைடு கோணல் டீச்சர், அதான் தட்டுதேன்'னு ஒரு வார்த்தை. சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஏன் சிரிச்சீங்க?"

ஆசான் பேசவில்லை.

"இப்பவும் பேசாமத்தானே இருக்கீங்க. இதையும் நோட்டுல எழுதிக்கணுமா?"

அந்த ஆசிரமத்தில் அதுவரை யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. பேசியிருந்தால் இரண்டு விரல் மிஞ்சியிருக்கும்.

ஆசான் கையை நீட்டினார்.

"உங்க சிவப்புப் பேனாவைக் கொடுங்க."

வாங்கிக்கொண்டு அறிவிப்புப் பலகைக்குப் போனார். 'தமது கவனக்குறைவால்' என்பதை அடித்தார். அதற்கு மேலே எழுதினார்: 'கைடு கோணலாக இருப்பதைப் பதினாறு வருடமாகக் கோமதிநாயகம் யாரிடமும் சொல்லாததால்'. கீழே இருந்த இரண்டு வரிகளையும் முழுசாக அடித்தார்.

செயலாளர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன ஆசானே இது? நாலு பேர் வந்துபோற இடம். ஆசிரமத்துக்கு எவ்வளவு கெட்ட பேரு!"

"என் பேருதானே எழுதியிருக்கேன்."

"அது அதைவிட மோசம். இதோ பாருங்க, புதுக் கைடெல்லாம்கூட வேண்டாம். பழசையே வச்சுக்கலாம். உங்க கை பட்டா எதுவும் நேராயிரும்னு ஊருக்கே தெரியும்."

"அதனாலதான் இவ்வளவும்" என்றார் ஆசான்.

செயலாளர் தாளைக் கிழிக்கக் கையை ஓங்கினார். டீச்சர் குறுக்கே வந்து நின்றார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அறுபது வயதுச் செயலாளர் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டார். தாள் அங்கேயே இருந்தது.

"சரி, எந்தக் கைடு வாங்கணும்? அதையாவது வாயைத் திறந்து சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"நான் எடுக்கக் கூடாது."

"ஏன்?"

"கடையிலயும் என் கை தட்டிரும். எனக்கு எல்லாக் கைடும் நல்ல கைடாத்தான் தெரியும். செண்பகக்கனி வரட்டும். அவங்க எடுக்கட்டும்."

அதுவரை மிஷின் ஓடவில்லை. பெஞ்சு கேட்ட பள்ளிக்கூடத்துக்கு ஆசானே போய்த் தாமதம் ஆகும் என்று சொல்லி, ஏன் என்றும் சொல்லிவிட்டு வந்தார். பட்டறையில் எல்லாரும் கைரம்பத்தால் அறுத்தார்கள்.

ஆசான் அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செண்பகக்கனியின் கேள்விக்குப் பதில் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். "அப்ப என் மேல தப்பில்ல" என்று மட்டும் சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆசான் கிளம்பினார்.

ஒன்றரை மாதம் கழித்து, புண் ஆறியதும், அவளும் டீச்சரும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார்கள். கடையில் முதலில் காட்டியது வெளிநாட்டுச் சாமான். பளபளவென்று இருந்தது. அளவு எண்களைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடிகூட வைத்திருந்தது.

செண்பகக்கனி அதன் பிடியைப் பூட்டினாள். சுற்றிப் போய்ப் பின்முனையை வலது கையால் இழுத்தாள். நகர்ந்தது.

"அண்ணாச்சி, இது பின்னால அசையுது."

"ஒரு மயிரிழைதானேம்மா. பூட்டினதும் கையால லேசா ஒரு தட்டு. எல்லா ஆசாரியும் அப்படித்தான் பண்ணுவாங்க."

அவள் இடது கையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"தட்டுறதுக்கு இது போதுமா அண்ணாச்சி?"

கடைக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அடுத்ததை எடுத்து வைத்தார். அதுவும் அசைந்தது. மூன்றாவது கோயம்புத்தூர்ப் பட்டறையில் செய்தது. சாம்பல் பெயிண்ட் திட்டுத்திட்டாக இருந்தது, அழகென்று சொல்ல முடியாது. ஆனால் பிடியை அழுத்தினால் முன்னாலும் பின்னாலும் சேர்ந்து கவ்விக்கொண்டது. செண்பகக்கனி இழுத்தாள். டீச்சர் இழுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். மேஜைதான் நகர்ந்தது.

"நம்ம மிஷின் பழசு. இது அதுல உக்காருமா?" என்றாள் செண்பகக்கனி.

டீச்சர் நோட்டைத் திறந்தார். ஆசானின் பொன்மொழிகளுக்கு அடுத்த பக்கத்தில் மிஷின் மேஜையின் நீளம், அகலம், கனம், ஓட்டை போட இடம் இருக்கும் பக்கம் எல்லாம் படத்தோடு இருந்தன.

"உக்காரும்" என்றார்.

புதுக் கைடை மாட்டிய அன்று செயலாளர் தேங்காயும் கற்பூரமும் கொண்டுவந்தார். ஆசான் இரண்டையும் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மிஷினை விட்டுத் தள்ளி, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்.

செண்பகக்கனி மிஷின் முன்னால் வந்தாள். கைடை நாலு அங்குலத்தில் நிறுத்திப் பூட்டினாள். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். எட்டு வருடமாகப் பார்த்துப் பழகியது, கை தானாக நீண்டு கைடின் முனையைத் தொட்டது. கண்ணுக்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் நின்றாள்.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "டீச்சர், டேப்பு" என்றாள்.

அளந்தாள். முன்னால் நாலு. பின்னால் நாலு.

டீச்சர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடாமல் ஆசானைப் பார்த்துத் திரும்பினார்.

"அவ கேள்விக்குப் பதில் சொல்லிட்டீங்க. என் கேள்வி அப்படியே கிடக்கு. அன்னைக்கு ஏன் சிரிச்சீங்க?"

பட்டறையில் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆசானின் முகத்தில் பழைய சிரிப்பு வரப் பார்த்தது. அதை அவர் வரவிடவில்லை.

"கும்பிடுன்னு நீங்க நெனச்சது அப்பவே எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார். "எனக்கு அது பிடிச்சிருந்தது."